மிளகு தேடிய கப்பலும் மலையேறிய குச்சியும்

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலையில், நடவுப் பருவத்தில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சரிவான காட்டில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் விறகுக்கட்டு மாதிரி ஒரு கட்டு. அதிலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவி, கொடுவாளால் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குவாள். நறுக்கிய துண்டைக் கணு மேல்நோக்கி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்ணில் குத்துவாள். அவ்வளவுதான் நடவு. விதை கிடையாது, நாற்றங்கால் கிடையாது. போன வருஷத்துச் செடியின் தண்டே இந்த வருஷத்துப் பயிர். மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதினாலும், நம் பக்கத்தில் அதற்குக் குச்சிக்கிழங்கு என்றே பெயர் நின்றுவிட்டது.

அந்தக் குச்சி அங்கே வந்து சேர்ந்த கதைதான் இன்றைய பேச்சு. ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்டது ஏன், அதனால் விளைந்தது என்ன என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட நாலு ஆண்டுகளும் நாலு பெயர்களும் சொல்லிவிடும். கோழிக்கோடு, கோவா, சென்னைக் கோட்டை, புதுச்சேரி. கடற்கரையோடு கதை முடிந்துவிடும். கல்வராயன் மலைக்கும் அந்தக் கப்பல்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. மலையின் மேல் எந்தப் போர்த்துக்கீசியனும் கொடி நடவில்லை. ஆனால் அவன் கப்பலில் வந்த குச்சி ஏறிவிட்டது.

ஆலையிலிருந்து வெளியேறும் ஒரு சவ்வரிசி மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பிரேசில் நாட்டுக் கிழங்கின் மாவு. வெளிநாட்டார் அதை டபியோக்கா என்கிறார்கள். அது பிரேசில் கடற்கரையில் வாழ்ந்த துப்பி மக்களின் சொல். நாம் சவ்வரிசி என்கிறோம். அதிலுள்ள ‘சவ்’ மலாய் மொழியின் ‘சாகு’. தென்னமெரிக்காவின் கிழக்குக் கரைச் சொல் ஒன்று, இந்தோனேசியத் தீவுகளின் சொல் ஒன்று. இரண்டும் சின்னசேலம், ஆத்தூர்ச் சாலையில் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. இந்த முடிச்சை அவிழ்த்தால் பதினாறாம் நூற்றாண்டின் கடல் வரலாறு முழுக்க வெளியே வரும்.

முதலில் காரணங்கள்.

1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், தரைவழி அடைபட்டது, ஆகவே ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள். தேர்வுத்தாளில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. உண்மையில் இது பாதிக் கதைகூட இல்லை. போர்த்துக்கல் ஆப்பிரிக்கக் கரையில் சியூட்டா நகரத்தைப் பிடித்தது 1415இல். கான்ஸ்டாண்டிநோபிள் விழ அப்போது இன்னும் 38 ஆண்டுகள் இருந்தன. அது விழுந்த பிறகும் வெனிஸ் நகரத்து வணிகர்கள் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நம் மேற்குக்கரை மிளகை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வழி அடைபடவில்லை. அந்த வழியில் லாபம் முழுவதும் வெனிஸ் வணிகருக்கும் எகிப்து சுல்தானுக்கும் போய்க்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே நின்றவனுக்கு வந்த வயிற்றெரிச்சல் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

போர்த்துக்கல் சின்ன நாடு. ஒருபக்கம் ஸ்பெயின், மறுபக்கம் அட்லாண்டிக். நிலம் போதாது, தங்கம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கம் சகாராவைத் தாண்டி ஒட்டகத்தில் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கரையிலேயே மடக்கத்தான் முதலில் கப்பல் விட்டார்கள். 1482இல் இன்றைய கானா நாட்டுக் கரையில் ‘மினா’ என்று ஒரு கோட்டையும் கட்டினார்கள். மினா என்றால் சுரங்கம். 1488இல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திரும்பினார். அதன் பிறகுதான் மிளகு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. மதமும் இருந்தது. கிழக்கே எங்கேயோ ஒரு பெரிய கிறிஸ்தவ அரசன் இருக்கிறான், அவனோடு சேர்ந்தால் முஸ்லிம் அரசுகளை இரண்டு பக்கமும் நெருக்கலாம் என்ற பழைய நம்பிக்கையை அவர்கள் விடவில்லை. பொன்னாசை, மிளகாசை, மதாவேசம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முயன்றவர்கள் யாரும் வெற்றிபெற்றதில்லை.

இவற்றோடு காற்றையும் சேர்க்க வேண்டும். புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். இந்தக் கதைக்கோ இதுதான் அச்சாணி. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் தெற்கே போனால் எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் மல்லுக்கு நிற்கும். அனுபவப்பட்ட மாலுமிகள் கரையைவிட்டு விலகி, மேற்கே நடுக்கடலுக்குள் பெரிய வளைவாகப் போய், அங்கே கிடைக்கும் காற்றில் தென்கிழக்கே திரும்பக் கற்றுக்கொண்டார்கள். 1497 ஜூலை 8இல் லிஸ்பனைவிட்டுக் கிளம்பிய வாஸ்கோ ட காமா அப்படித்தான் போனார். நாலு கப்பல், சுமார் 170 பேர். 1498 மே 20இல் கோழிக்கோட்டுக்கு அருகே வந்து சேர்ந்தார்கள்.

கோழிக்கோட்டின் சாமூதிரி அரசருக்கு அவர்கள் கொண்டுபோன பரிசுப் பட்டியல் இன்றும் இருக்கிறது. கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச்சரம் 4, கைகழுவும் தாம்பாளம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெய் 2 பீப்பாய், தேன் 2 பீப்பாய். பார்வையிட வந்த அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பானே என்றார்கள். கரும்பும் எள்ளும் தேனும் விளைகிற நாட்டுக்குச் சர்க்கரையும் எண்ணெயும் தேனும் கொண்டுவந்தால் வேறென்ன செய்வார்கள்?

அந்தச் சிரிப்புக்குப் பின்விளைவு உண்டு. விற்க எதுவும் இல்லாதவன் சந்தைக்கு வந்தால் இரண்டே வழி: வெள்ளியைக் கொட்ட வேண்டும், அல்லது பீரங்கியைக் காட்ட வேண்டும். போர்த்துக்கீசியர் இரண்டையும் செய்தார்கள். பீரங்கி மலிவு என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1502இல் காமா இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலொன்றை ஆட்களோடு கொளுத்தினார். அதற்குப் பின் இந்துமாக் கடலில் போகும் உள்ளூர்க் கப்பல் எதுவானாலும் அவர்களிடம் காசு கொடுத்து அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், இல்லையேல் பறிமுதல் என்றாயிற்று. அந்தச் சீட்டுக்குக் ‘கார்த்தாஸ்’ என்று பெயர். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் கடிதத்தைக் கடுதாசி என்கிறார்களே, அது இந்தச் சொல்லின் வழி வந்தது என்பார்கள் அகராதிக்காரர்கள். பாட்டன் காலத்துக் கப்பல்காரனிடம் பிடுங்கிய வரி, பேரன் வாயில் பாசமான சொல்லாகிவிட்டது.

இனி குச்சிக்கு வருவோம்.

காமா திரும்பிப் போன கையோடு 1500 மார்ச்சில் 13 கப்பல்களோடு இன்னொரு படை லிஸ்பனிலிருந்து கிளம்பியது. தலைவர் பெத்ரோ ஆல்வாரிஸ் கப்ரால். போக வேண்டிய இடம் கோழிக்கோடு. காற்றுக்காக மேற்கே வளைந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே வளைந்துவிட்டார்கள். ஏப்ரல் 22இல் எதிரே ஒரு கரை தெரிந்தது. அதுதான் பிரேசில். 1494இல் ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் செய்துகொண்ட தோர்தெசிலாஸ் உடன்படிக்கையில், அட்லாண்டிக்கின் நடுவே ஒரு கோடு கிழித்து உலகத்தையே இரண்டாகப் பங்கு போட்டிருந்தார்கள். பிரேசில் கரை போர்த்துக்கல் பக்கம் விழுந்தது. பங்கு போடுகிற நேரத்தில் அந்தக் கரையில் இருந்தவர்களையும் கேட்கவில்லை, நம்மையும் கேட்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் படையில் பெரோ வாஸ் த கமின்யா என்று ஓர் எழுத்தர். கோழிக்கோட்டில் திறக்கப்போகும் பண்டகசாலைக்குக் கணக்கெழுத வந்தவர். மே 1ஆம் தேதி பிரேசில் கரையிலிருந்து அரசனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அங்குள்ள மக்களின் நிறம், மூக்கு, சாயம் பூசிய உடம்பு எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, இவர்கள் உழுவதுமில்லை, மாடு வளர்ப்பதுமில்லை, இங்கே நிறைய இருக்கிற ஒரு கிழங்கையே தின்கிறார்கள் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் பார்த்துப் பழகிய வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அந்தப் பெயரையே போட்டார். அவர் பார்த்தது மரவள்ளி. மிளகுக்குப் போகிற வழியில், பெயர் தெரியாமல், ஒரு கணக்குப்பிள்ளையின் கடிதத்தில் நம் குச்சிக்கிழங்கு ஐரோப்பியக் காகிதத்தில் ஏறிய முதல் தருணங்களில் இதுவும் ஒன்று.

கமின்யா ஊர் திரும்பவில்லை. செப்டம்பரில் கோழிக்கோடு வந்து சேர்ந்தார்கள். டிசம்பரில் மிளகு ஏற்றுவதில் தகராறு முற்றி, பண்டகசாலை தாக்கப்பட்டது. ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அவரும் அதில் ஒருவர். பதிலுக்குக் கப்ரால் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தார். பிரேசிலையும் மலபாரையும் ஒரே ஆண்டில் பார்த்த அந்த எழுத்தர், இரண்டு கரைகளையும் அந்தக் கிழங்கு ஒருநாள் இணைக்கும் என்று நினைத்திருக்க நியாயமில்லை.

பிரேசிலின் துப்பி மக்களுக்கு மரவள்ளி சாப்பாடு மட்டுமில்லை, ஒரு தொழில்நுட்பம். அங்கே பரவலாக விளைவது கசப்புக் கிழங்கு. அப்படியே தின்றால் அதிலுள்ள சயனைடு ஆளைக் கொன்றுவிடும். தோலைச் சீவி, முள்பலகையில் துருவி, ‘திப்பித்தி’ என்ற நீளமான ஓலைக்குழலில் திணித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிழிவார்கள். நச்சுச்சாறு வடிந்துவிடும். மிஞ்சிய சக்கையை அகலமான தட்டில் வறுத்தால் மாவு. வடிந்த சாற்றைத் தெளியவைத்தால் அடியில் வெள்ளையாகப் படிவதே டபியோக்கா. துருவு, பிழி, தெளியவை, வறு. இந்த நாலு சொல்லையும் மனதில் வையுங்கள். சின்னசேலத்துக்கு வரும்போது தேவைப்படும்.

வறுத்த மாவு மாதக்கணக்கில் கெடாது. கப்பல்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? போர்த்துக்கீசியர் அதை மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். குச்சியைக் காங்கோவிலும் அங்கோலாவிலும் நட்டார்கள். இங்கே கதை இருண்டுபோகிறது. அந்த மாவு எந்தக் கப்பலுக்கு உணவானது? அடிமைக் கப்பலுக்கு. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி 1860கள் வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள் என்பது வரலாற்றாளர்களின் கணக்கு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொண்டுபோனவை போர்த்துக்கல், பிரேசில் கொடிக் கப்பல்கள். எதிர்ப்பக்கம், அமெரிக்கக் கண்டத்து மக்கள் பெரியம்மையிலும் தட்டம்மையிலும் ஊர் ஊராக மடிந்தார்கள். போர்த்துக்கீசியர் நமக்கு மிளகாய் தந்தார்கள், முந்திரி தந்தார்கள் என்று நன்றி சொல்ல எழுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழ வேண்டும்.

சவ்வரிசியின் மறுபாதி கிழக்கே கிடக்கிறது.

1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் பிடித்தார். அடுத்த ஆண்டே அவர் அனுப்பிய கப்பல் கிராம்பும் சாதிக்காயும் விளைகிற மொலுக்கஸ் பக்கத்துத் தீவுகளைத் தொட்டது. அந்தத் தீவுக்காரர்கள் நெல் விளைவித்ததைவிட ஒருவகைப் பனையை நம்பியே வாழ்ந்தார்கள். மரத்தை வெட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை இடித்துக் கரைத்துத் தெளியவைத்து மாவு எடுப்பார்கள். அதுதான் சாகு. அசல் சவ்வரிசி அந்தப் பனைமரத்துச் சவ்வரிசி. மெகல்லன் படையோடு உலகைச் சுற்றிய இத்தாலியர் பிகாஃபெட்டாவும் அந்தத் தீவுகளில் மரத்திலிருந்து ரொட்டி செய்வதைக் கண்டு எழுதிவைத்தார்.

மலாக்காவில் போர்த்துக்கீசியருக்குக் கைகொடுத்தது ஒரு தமிழர் என்பது நம்மவர்கள் அதிகம் பேசாத செய்தி. அவர்களுடைய ஏடுகளில் அவர் பெயர் ‘நீனா சட்டு’. நைனா செட்டி என்று வாசிக்கலாம். கப்பல்கள் வைத்திருந்த பெருவணிகர். சுல்தானிடம் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவியவர். நகரம் கைமாறியதும் அல்புகெர்க் அவருக்குப் பெந்தகாரா என்ற பெரும்பதவி கொடுத்தார். 1514இல் பதவி வேறொருவருக்குப் போகிறது என்று தெரிந்ததும், சந்தனக்கட்டையால் மேடை போட்டு, தீமூட்டி, அதில் இறங்கி உயிர்விட்டார் என்று அவர்களுடைய வரலாற்று நூல்களே சொல்கின்றன. யாருக்குக் கதவு திறந்துவிடுகிறோம் என்று அந்தச் செட்டிக்குக் கடைசியில் புரிந்ததோ என்னவோ.

அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதுதான் முக்கியம். மொலுக்கஸ் தீவுக்காரனுக்கு வெள்ளி வேண்டாம். கிராம்புக்கு மாற்றாக அவன் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. பழவேற்காட்டுத் துணி இல்லாமல் கிராம்பு இல்லை. போர்த்துக்கீசியருக்கு இது மலாக்காவில் தெரிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் அனுபவத்தில் தெரிந்தது. மேற்குக்கரைக்கு மிளகுக்காக வந்தவர்கள், கிழக்குக்கரைக்குத் தறிக்காக வந்தார்கள். சாந்தோம், நாகப்பட்டினம், பழவேற்காடு, தேவனாம்பட்டினம், தரங்கம்பாடி, சென்னை, புதுச்சேரி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் முளைத்த கொடிகளுக்கெல்லாம் உள்நாட்டு நெசவாளி வீட்டுத் தறிதான் காரணம்.

நமக்குப் பக்கத்து வாசல் பறங்கிப்பேட்டை. பக்கம் என்று சொல்வது மரியாதைக்காக இல்லை. கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து, பறங்கிப்பேட்டையில்தான் கடல் சேர்கிறது. போர்த்துக்கீசியர் அதற்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத்துறைமுகம். பறங்கி என்று நாம் வைத்தது வந்தவனின் பெயரை. அந்தப் பெயரைப் பூசணி வகை ஒன்றுக்கும் வைத்தோம். பறங்கிக்காயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1597இல் செஞ்சி நாயக்கரின் அவைக்கு வந்த இயேசு சபைத் துறவி ஒருவர், வெள்ளாற்று முகத்துவாரத்தில் கிருஷ்ணப்ப நாயக்கர் தம் பெயரில் புதிய பட்டினம் எழுப்புவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தத் துறவியின் பெயர் நிக்கோலாஸ் பிமெந்தா. போர்த்துக்கீசியத்தில் பிமெந்தா என்றால் மிளகு. மிளகு தேடி வந்த கூட்டத்தில் மிளகே ஒருவர் பெயராக வந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மலைக்கும் அந்தக் காலத்தோடு ஒரு தொடர்பைச் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாகத் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர், மலையின் மூன்று மானியப் பகுதிகளான ஜாகீர்களும் கிருஷ்ணதேவராயர் கொடுத்தவை என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்பவை அந்த ஜாகீர்தார்களின் பட்டப்பெயர்கள். 1509 முதல் 1529 வரை ஆண்ட அதே ராயர்தான் கோவாப் போர்த்துக்கீசியரிடம் அரபுக் குதிரைகள் வாங்கினார். 1520இல் ராய்ச்சூர் முற்றுகையில் அவருக்குப் போர்த்துக்கீசியத் துப்பாக்கிக்காரர்கள் உதவினார்கள். அந்த விஜயநகரப் பேரரசு போனது, நாயக்கர் போனார்கள், நவாபு போனார், கும்பினியும் போயிற்று. ஜாகீர் மட்டும் 1976 வரை நின்றது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழிந்த பின்னர்தான் அரசு நிர்வாகம் மலையை நேரடியாக எடுத்துக்கொண்டது.

அடிவாரத்துக்கு மலையளவு அமைதி வாய்க்கவில்லை. கடற்கரையில் துணி வாங்க வந்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டபோது, தியாகதுருகம் கோட்டையும் எலவனாசூர்க்கோட்டையும் பந்து மாதிரி கைமாறின. 1760இல் புதுச்சேரியைக் காப்பாற்ற வழி தெரியாத பிரெஞ்சுத் தளபதி லாலி, ஹைதர் அலியின் உதவிக்கு விலையாகத் தியாகதுருகத்தை மைசூர்ப்படையிடம் ஒப்படைத்தார். உதவி வந்த வேகத்தில் திரும்பிப் போயிற்று. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அடுத்த மாதமே தியாகதுருகமும் ஆங்கிலேயரிடம் பணிந்தது. இன்று பேருந்தில் போகிறவர்கள் அந்த மலையைப் பார்த்து ஏதோ ராஜா கோட்டை என்று கடந்து போகிறார்கள்.

கோட்டைகள் பாழாயின. செடிகள் தங்கின. இந்த வட்டாரத்துச் சமையலறையில் ஒரு சுற்று சுற்றினாலே போதும். மிளகைத் தேடிப் போன கொலம்பஸ், கிடைத்த காரமான காயை மிளகு என்றே எழுதினார். நாமும் மிளகு போன்ற காய் என்று மிளகாய் ஆக்கிக்கொண்டோம். நிலக்கடலையைத் தென்னார்க்காட்டுக்காரர்கள் நிலக்கடலை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை. மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் நினைவு அந்த ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய்க்குப் போய் எண்ணெயும் சோப்பும் ஆனது.

குச்சிக்கிழங்கு மட்டும் நேராக நம்மிடம் வரவில்லை. போர்த்துக்கீசியர் கொண்டுவந்து மேற்குக்கரையில் விட்டார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், ஏழைகளின் பசிக்கு இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கினார். சேலத்துக்கு வந்ததோ இரண்டாம் உலகப்போரில். 1942இல் ஜப்பான் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோயின. துணி ஆலைகளுக்குக் கஞ்சிமாவு வேண்டும். கேரளாவுக்கு மீன் வியாபாரமாகப் போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியாரும், மலேயாவின் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் 1943இல் இங்கேயே மாவு எடுக்கத் தொடங்கினார்கள். கேரளாவில் பிரேசில் கிழங்கைப் பார்த்தவர் ஒருவர், மலேயாவில் சவ்வரிசி செய்யப் பார்த்தவர் இன்னொருவர். முன்னே சொன்ன இரண்டு கடலும் சந்தித்த இடம் அதுதான். தீவுக்காரனின் பனைமாவுப் பெயரைச் சேலம் எடுத்துப் பிரேசில் கிழங்குக்குச் சூட்டிவிட்டது.

சின்னசேலம் பக்கத்து ஆலை ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். புளித்த வாடை மூக்கை அடைக்கும். லாரியிலிருந்து கிழங்கு சரிந்ததும், கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்ப்பார்கள். மாவு எவ்வளவு தேறும் என்பது அந்த எடையில் தெரியும். அதற்குப் பாயிண்ட் என்று பெயர். விலை பாயிண்டைப் பொறுத்தது. மலைக்காரர் மூட்டையைப் பார்த்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பார். பாயிண்ட் அதைக் குறைத்துவிடும். அப்புறம் கழுவி, தோலுரித்து, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளியவைக்கிறார்கள். ஈரமாவைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்ட ஆட்ட அது மணிமணியாகத் திரளும். சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் கொட்டுகிறார்கள். துருவு, பிழி, தெளியவை, வறு: துப்பிப் பெண் ஓலைக்குழலில் செய்ததை மோட்டார் செய்கிறது. 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வழியாக மூட்டைகள் மகாராஷ்டிரம் வரை போகின்றன. அங்கே விரத நாளில் கிச்சடி ஆகின்றன. விரதத்துக்குத் தானியம் ஆகாது, பிரேசில் கிழங்கு ஆகும்!

மக்காச்சோள மாவைக் கலந்து சவ்வரிசி செய்கிறார்கள், அதனால் கிழங்கு விலை விழுகிறது என்று விவசாயிகள் பல முறை புகார் சொல்லிவிட்டார்கள். மக்காச்சோளமும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். கலப்படப் பொருளைக்கூடக் கொலம்பஸே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

மலையில் இதற்கு முன் நின்றவை சாமை, தினை, வரகு, கேழ்வரகு. அவை வீட்டுக்கு விளைந்தவை. குச்சி ஆலைக்கு விளைகிறது. காசு வருகிறது என்பதை மறுக்க முடியாது. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் அந்தக் காசு உதவுகிறது. ஆனால் விலை இறங்கின வருஷம் கிழங்கைத் தின்று தீர்க்க முடியாது, சாமையைப் போலக் குதிரில் போட்டு வைக்கவும் முடியாது. பிடுங்கிய சில நாளில் கெட்டுவிடும். காடு கைகொடுக்காத வருஷங்களில் மலைக்காரர்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்டவேலைக்குப் போகிறார்கள். கூட்டிப்போகிறவர் பெயர் மேஸ்திரி, அதுவும் போர்த்துக்கீசியச் சொல். அங்கே அவர்கள் பறிப்பது காப்பியும் மிளகும்.

கதையில் ஒரு பாத்திரம் மட்டும் பாக்கி. குச்சியைக் கொண்டுவந்த போர்த்துக்கீசியர் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அதனால் நூற்றாண்டுக் கணக்கில் மரவள்ளி இந்தியாவில் ஓரளவு நிம்மதியாக வளர்ந்தது. 1970களில் தென்னமெரிக்க மரவள்ளி மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, காங்கோ தொடங்கி நாடு நாடாகப் பயிரைச் சுருட்டியது. 1981இல் பராகுவேயில் அதன் இயற்கை எதிரியான ஒரு குட்டிக் குளவியைக் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள்; அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரென் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2020இல் அதே பூச்சி கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல், நம் மாவட்டம். நுனி சுருண்டு, கணு நெருங்கி, செடி துடைப்பம் மாதிரி நின்றதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. அனகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர்; ஓர் எள்ளளவு இருக்கும். 2022 மார்ச் 7ஆம் தேதி, மலையின் தென்புறத்து அடிவாரத்தில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை முதன்முறையாகக் காட்டில் விட்டார்கள். பராகுவேயிலிருந்து ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்காவிலிருந்து ஏத்தாப்பூர். குச்சி வந்த அதே பாதையில், சில நூற்றாண்டு பிந்தி.

எனவே மலையிலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூச்சி விழுந்த காட்டுக் குச்சியை விதைக்கென்று அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பூச்சி குச்சியோடுதான் பயணம் போகிறது. ஏத்தாப்பூருக்கு ஒரு கடுதாசி போடுங்கள், இல்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள். குளவி விட்ட காட்டில் மட்டும் மருந்து அடிக்காதீர்கள்.